ஒரு வார்த்தை சொல்லலாமா?

"ஐயா, அவன் எப்படிப்பட்ட பிள்ளைன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

ஈப்போ உயர் நீதிமன்ற வாசலில் அந்தப் பெரியவர் கேட்டார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலம் கழித்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிந்தபின் மகன் லாரி ஓட்டப் போனான். வண்டியில் 200 கிராமுக்கு மேல் கஞ்சா பிடிபட்டது. அந்த எடைக்குக் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். அவனுக்காக வாதாடிய எங்களால் அதை முறியடிக்க முடியவில்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம், பிரிவு 39பி: அன்று அதற்குத் தூக்கு ஒன்றே. நீதிபதிக்கு வேறு வழியில்லை. கருணை கேட்டு வாதாட எனக்கும் வாய்ப்பில்லை.

"இடமில்லை, பெரியவரே" என்றேன்.

அன்றிரவு விக்டர் ஹியூகோ நினைவில் வந்தார். 'ஏழை படும் பாடு' வழியாக நாம் அறிந்த அவர், பேர்பெற்ற நாடகாசிரியரும்கூட. 1832 நவம்பரில் பாரிசில் அவருடைய நாடகமொன்று ஒரே இரவோடு தடைசெய்யப்பட்டது. அரசவையே எள்ளி நகையாடும் கூன் விழுந்த விதூஷகனுக்குள், மகளுக்காக உருகும் தகப்பனைக் காட்டிய நாடகம் அது. ஹியூகோ வழக்குப் போட்டார், நீதிமன்றத்தில் தாமே பேசினார், தோற்றார்.

1851இல், ஒரு மரண தண்டனையைக் கண்டித்து எழுதியதற்காக மகன் சார்ல்ஸ் கூண்டில் நின்றபோது, ஹியூகோவே வாதாட எழுந்தார். மரண தண்டனையை இத்தனை ஆண்டு எதிர்த்து வந்தவன் நான், உண்மைக் குற்றவாளியும் நானே என்றார். மகனுக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது.

தோற்றாலும், அந்தத் தகப்பனைப் பேசவிட்டார்கள். என் பெரியவருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கியது. முன்பு தண்டிக்கப்பட்டவர்களும் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரலாம் என்றானது. பெரியவரைத் தேடிப் போனேன். பிரமாணப் பத்திரத்துக்காக அவர் சொன்னார்: "பள்ளிக்கூடம் போறதுக்கு முன்ன, இருட்டுல எனக்கு விளக்குப் பிடிப்பான். மழை பெஞ்சு வேலையில்லாத நாள்ல, பசிக்குதுன்னு சொல்லவே மாட்டான்."

தூக்கு, 30 ஆண்டுச் சிறையானது. அந்த இரண்டு வரிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓர் உயிரை எடுக்கலாமா என்று தீர்மானிக்கும் முன், அதை வளர்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆகவேண்டும்.