பன்னிரண்டு வோல்ட் என்ற கணக்கு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு வாட் பவர் எல்.இ.டி.யைச் சில்லறையாகவே வாங்கலாம். நட்சத்திர வடிவில் வெட்டிய சிறு அலுமினியத் தகடு, அதன் நடுவில் மஞ்சள் பொட்டு, ஓரங்களில் பிளஸ், மைனஸ் குறித்த சால்டர் திட்டுகள். இப்படி வாங்கும் பொருள் புதுப்பேட்டை போன்ற இடங்களில் வேனுக்கும் குட்டியானைக்கும் உள்விளக்காக மாறுகிறது. அந்தக் கைவேலையைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் மரியாதை கூடும். அலுமினியத் தகடு சூட்டை உடனே இழுத்துக்கொள்வதால், மெல்லிய நுனியுள்ள அயர்னை வைத்தால் ஈயம் ஓடாமல் கட்டியாக நிற்கும். தேர்ந்தவர் திட்டிலும் ஒயர் நுனியிலும் முதலில் தனித்தனியாக ஈயம் ஏற்றிக்கொள்கிறார். பிறகு பருத்த நுனியால் இரண்டையும் சேர்த்து ஒரே அழுத்து. ஈயம் பளபளப்பாகப் படிந்ததும் கையை எடுத்துவிடுகிறார். இவ்வளவு நேர்த்தியாகச் செய்த விளக்கு சில மாதங்களில் கருகிப்போனால், பழி எல்.இ.டி.யின் தரத்தின் மேல் விழுகிறது. பல நேரங்களில் குற்றம் அங்கே இல்லை, ரெசிஸ்டரைத் தேர்ந்த கணக்கில் இருக்கிறது என்பதே என் வாதம்.

கணக்கு எளிது. ஒரு வாட் வெள்ளை எல்.இ.டி. வழக்கமாக 350 மில்லி ஆம்பியருக்குச் செய்யப்பட்டது. அப்போது அதன் குறுக்கே சுமார் 3.2 வோல்ட் விழும். மூன்றை வரிசையாகக் கோத்தால் 9.6. பேட்டரி 12 என்றால் மிச்சம் 2.4 வோல்ட், அதை 0.35 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.8 ஓம். கடையில் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இன்ஜின் ஓடும்போது வண்டியின் பேட்டரி முனையில் 12 வோல்ட் இருப்பதில்லை. ஆல்டர்னேட்டர் அதை 14.4 வரை தூக்கிவிடுகிறது. எல்.இ.டி.கள் தங்கள் பங்கைச் சற்றே கூட்டிக்கொண்டாலும், ரெசிஸ்டர் மேல் விழும் 2.4 வோல்ட் 4 வோல்ட்டைத் தாண்டுகிறது. மின்னோட்டம் 600 மில்லி ஆம்பியரைக் கடக்கிறது. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு ஏறியதற்கு எல்.இ.டி.யில் ஓட்டம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. சூடு ஏற ஏற எல்.இ.டி.யின் வோல்ட்டேஜ் டிகிரிக்குச் சில மில்லி வோல்ட் இறங்குவதால், ஓட்டம் இன்னும் கூடுகிறது. தெர்மல் பேஸ்ட்டும் ஹீட் சிங்க்கும் இதைத் தள்ளிப்போடுமே தவிர, தடுக்காது.

ஆகவே கணக்கை 14.4-இல் தொடங்கவேண்டும். இரண்டு எல்.இ.டி.க்கு 6.4 போக 8 வோல்ட் மிச்சம். 22 ஓம் போட்டால் ஓட்டம் 360 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். இன்ஜினை அணைத்துப் பேட்டரி 12-க்கு வந்தாலும் 250-க்குக் குறையாது. ஏறக்குறைய 3 வாட் சூட்டை ரெசிஸ்டர் தாங்கவேண்டியிருப்பதால் கால் வாட் ரெசிஸ்டர் உதவாது. வெள்ளைக் கட்டி போலிருக்கும் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டரை, பிளாஸ்டிக்கைத் தொடாமல் காற்றோட்டமாக வைக்கவேண்டும். மூன்று எல்.இ.டி.தான் வேண்டுமென்றால் 15 ஓம். கருகாது, ஆனால் இன்ஜின் நின்றதும் வெளிச்சம் பாதியை நெருங்கி இறங்கிவிடும்.

பாதிக்கு மேல் மின்சாரத்தைச் சூடாக வீணடிப்பதா என்று கேட்பது நியாயம். எனக்கு அதை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ரெசிஸ்டர் மேல் எவ்வளவு வோல்ட் விழுகிறதோ அவ்வளவுக்குத்தான் அது பேட்டரியின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். நிலைத்த வெளிச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை அந்தச் சூடு. ஹெட்லைட்டுக்கே 55, 60 வாட் போகும் வண்டியில் 3 வாட் ஒரு பொருட்டில்லை. ஆல்டர்னேட்டர் இல்லாத தள்ளுவண்டிக் கடையில் நிலைமை வேறு. அங்கே இரவு முழுக்க ஒரே பேட்டரியில் ஓட்டவேண்டும்; ரெசிஸ்டருக்குப் பதில் ஓட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவர் போர்டு வாங்குவதே சரி. பத்து வாட் சிப்புக்கும் அப்படித்தான். அது ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும். ரெசிஸ்டருக்கு விட்டுவைக்கும் வோல்ட்டோ மிகக் குறைவு. இந்த இடங்களில் ரெசிஸ்டருக்காக நான் வாதாடமாட்டேன்.

இன்னொரு வாதம் தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது: நான்கு எல்.இ.டி.யை வரிசையாகப் போட்டால் 12.8 வோல்ட் ஆகிவிடும், ரெசிஸ்டரே வேண்டாமே என்று. மேசையில், 12 வோல்ட்டில் பார்த்தால் அது நன்றாகவே எரியும், அதனால்தான் நம்பிவிடுகிறார்கள். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொன்றின் தலையிலும் 3.6 வோல்ட் ஏறும். தடுக்க நடுவில் எதுவும் இல்லை. ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் பல எல்.இ.டி.களைப் பக்கவாட்டில் இணைப்பதும் இதே தப்பின் இன்னொரு வடிவம். அவற்றில் வோல்ட்டேஜ் சற்றுக் குறைந்தது அதிக ஓட்டத்தை இழுத்து முதலில் சாகும். அதன் பங்கும் சேர்ந்து மற்றவற்றின் மேல் விழும். வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் என்பதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பில்கூட மூன்று விளக்குக்கு ஒருமுறை ரெசிஸ்டர் வருவது இதற்காகத்தான்.

வாடிக்கையாளர் பளிச்சென்று கேட்கிறார், குறைத்துப் போட்டால் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார் என்ற கவலையை மட்டும் எளிதில் ஒதுக்க முடியாது. கூலி அதில்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டத்தை இரட்டித்தால் வெளிச்சம் இரட்டிப்பதில்லை. சூடேறிய எல்.இ.டி. கொடுக்கும் ஒளி குறைந்துகொண்டே போகும். அதிக வெளிச்சம் வேண்டுமென்றால் இரண்டு எல்.இ.டி. கொண்ட இன்னொரு வரிசையைத் தனி ரெசிஸ்டரோடு சேர்ப்பதே வழி. செய்து முடித்ததைச் சரிபார்க்க ஒயரை அறுத்து மீட்டரை நுழைக்கத் தேவையில்லை. ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து, வரும் வோல்ட்டை 22 ஆல் வகுத்தால் ஓட்டம் தெரிந்துவிடும்: 8 வந்தால் சரி, 9 வந்தால் ஒருபடி பெரிய ரெசிஸ்டர். இந்த அளவை வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டு எடுக்கவேண்டும்.