ராஜகீழ்ப்பாக்கத்து டெஸ்ட் லேம்ப்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் முட்டையிடும் 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுகளுக்கு அதுதான் மராமத்துக் காலம். அப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சாக்கில் கட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வருகிறார்கள் என்று நண்பர் சொன்னார். கடலே கண்ணில் படாத ஊர் இது. கேம்ப் ரோட்டைத் தாண்டி வேளச்சேரி சாலையில், லாரிகளுக்கு செல்ஃபும் டைனமோவும் பார்க்கும் சின்னக் கடை. வயது அறுபதைத் தாண்டிய எலக்ட்ரீஷியன். விசைப்படகுகள் பலவற்றில் இருப்பது அசோக் லேலண்ட் எஞ்சின். லாரி வேலை தெரிந்தவருக்கு அது அந்நியமில்லை.

நான் போன அன்று பெஞ்சில் இருந்த ஆல்டர்னேட்டரின் சொந்தக்காரர் ஏற்கெனவே இரண்டு பேட்டரியையும் மாற்றியிருந்தார். ஆல்டர்னேட்டரும் மாற்றியதுதான். ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை. பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரம் கேட்காது. அதனால் கோளாறு ஒளிந்தே இருக்கும். நடுக்கடலில் எஞ்சினை அணைத்து, மறுபடி சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும். வயர்லெஸ்ஸும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது என்பதை நினைத்தால் பதறுகிறது.

பிரஷ் தேயவில்லை. டயோடுகளும் சரி. வைண்டிங்கிலும் குறையில்லை.

"மெஷின் நல்லாருக்கு தம்பி. கோளாறு படகுல இருக்கு. நானே வர்றேன்."

நானும் கூடப் போனேன். காசிமேட்டில் ஆல்டர்னேட்டரைப் பூட்டியதும் அவர் பையிலிருந்து எடுத்தது 24 வோல்ட் பல்பு ஒன்று, அதில் பற்றவைத்த இரண்டு ஒயர். டெஸ்ட் லேம்ப். சாவியைத் திருப்பச் சொன்னார். பேனலில் சிவப்பு விளக்கு எரியவில்லை. "அது ரொம்ப நாளா எரியறதில்லண்ணே, அதான் சார்ஜ் ஏறுதுன்னு நெனச்சோம்" என்றார் டிரைவர். அங்கேதான் விஷயம் இருந்தது. எஞ்சின் கிளம்புமுன் அந்த விளக்கின் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரின் ரோட்டாருக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. அது போகாவிட்டால், எஞ்சினை முறுக்கும்போது சில நாள் தானாக எழும்பும், சில நாள் எழும்பாது.

பல்பைக் கழற்றிப் பார்த்தார், உயிரோடு இருந்தது. அந்த இடத்தில் நேர் இணைப்புக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் ஒயரின் மறுமுனையில் என்னை மீட்டரை வைக்கச் சொன்னார். 24 வோல்ட் காட்டியது. அதே முனையில் டெஸ்ட் லேம்பை வைத்தார். எரியவில்லை.

"மீட்டரு கரண்ட்டே இழுக்காது சார். ஒரு நூல் ஒட்டிட்டிருந்தாலும் 24 காட்டும். இந்த பல்பு ஒரு ஆம்பியர் கிட்ட கேக்கும். கேட்டாத்தான் ஒயரோட வண்டவாளம் தெரியும்."

மேலுறையைக் கீறினார். உள்ளே செம்பு பச்சையும் கறுப்புமாகப் பொடிந்திருந்தது. உப்புக்காற்று உறைக்குள்ளேயே நடந்துபோயிருக்கிறது.

இரண்டு பேட்டரியும் ஒரு ஆல்டர்னேட்டரும் போனது இந்த ஒயருக்காக. மாற்றச் சொன்னவர்கள் துறைமுகத்துக்கும் கடைகளுக்கும் நடுவே நிற்கும் ஆள்கள். பழையதை எடைக்கு வாங்கி, ரீகண்டிஷன் சரக்கைத் தள்ளி, இரு பக்கமும் கமிஷன் பார்ப்பவர்கள். பொருள் கைமாறினால் அவர்களுக்குக் காசு. கோளாறு கண்டுபிடிக்கப்பட்டால் நஷ்டம். படகுக்காரர் அந்தப் பணத்தை மீன் வியாபாரியிடம் முன்பணமாக வாங்கியிருக்கிறார். கடன் தீரும்வரை பிடிக்கிற மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். ஒரு ஒயரைச் சோதிக்காத சோம்பேறித்தனம், ஒரு குடும்பத்தின் அடுத்த பருவ வருமானத்தையே இப்படித் தின்கிறது. இதைத் திருட்டு என்றுதான் சொல்வேன்.

வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை இழுத்து, முனைகளைப் பற்றவைத்தார். சாவி திரும்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. மீட்டரில் 28 வோல்ட். கூலியாக ஆயிரம் ரூபாய் கேட்டார். படகுக்காரர் பேரம் பேசவில்லை.

பெட்டியை மூடியவர், பேட்டரியின் தடித்த எர்த் கேபிளைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தார். "செல்ஃப் அடிக்கறப்போ சுடுது தம்பி. இதையும் மாத்திரு."

"ஜூன் பத்துக்கு மேல பாக்கலாமாண்ணே? இப்ப கையில இல்ல."

"கேபிள் மட்டும் வாங்கி வை. நான் வந்து போட்டுத் தர்றேன்."