ஜாடிக்குள் உறங்கும் திராட்சை

கோயமுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? சிறுவாணித் தண்ணீர், பஞ்சாலைச் சங்கு, வாயில் கரையும் மைசூர்பாகு! இந்த ஜாபிதாவில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அரிஷ்டம்.

மேற்கே மலைத்தொடர் சற்று விலகி வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியாகக் குளிர்ந்த காற்று மட்டுமா வந்தது? மலையாள நாட்டு வைத்தியமும் வந்தது. 1943-ல் ஆரியவைத்தியன் பி. வி. ராம வாரியர் கோவையில் ஆரிய வைத்திய பார்மஸியை நிறுவினார். கஷாயம், தைலம், அரிஷ்டம் என்ற சொற்கள் கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு அன்னியமாக இல்லாமல் போனதில் இப்படிப்பட்ட வைத்தியசாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அரிஷ்டங்களில் ஒன்று திராட்சாரிஷ்டம். இருமலுக்கும், களைப்புக்கும், பசி எடுக்காமல் இருப்பதற்கும் வைத்தியர்கள் தருவது. 'ஒயின்' என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பாட்டிமார், அந்த ஒயினுக்கு ஒன்றுவிட்ட சகோதரியை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

உறவுமுறையைப் பார்க்கச் சற்று இத்தாலிக்குப் போய் வருவோம். ரோமியோ ஜூலியட் கதை நடந்த வெரோனா நகரத்தை அடுத்து வால்போலிசெல்லா என்ற மலையடிவாரம் இருக்கிறது. அங்கே 'அமரோனே' என்ற சிவப்பு ஒயின் செய்கிறார்கள். பறித்த திராட்சையை உடனே பிழிவதில்லை. காற்றோட்டமான பரண்களில் மூன்று மாதத்துக்கு மேல் உலர விடுகிறார்கள். பழம் சுருங்கி, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த பிறகுதான் பிழிந்து நொதிக்க வைக்கிறார்கள். அப்புறம் குறைந்தது இரண்டு வருஷம் அது முதிர வேண்டும்.

நம் திராட்சாரிஷ்டத்துக்கும் உலர்ந்த திராட்சைதான் மூலப்பொருள். சார்ங்கதர சம்ஹிதை என்ற பழைய வைத்திய நூல் இதன் அளவுகளைச் சொல்கிறது. திராட்சையைத் தண்ணீரில் போட்டு, நாலில் ஒரு பங்காகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும். காய்ச்சிச் செய்தால் அரிஷ்டம். காய்ச்சாமல் ஊறவைத்துச் செய்தால் ஆசவம். வடிகட்டிய கஷாயத்தில் வெல்லம் கரைக்க வேண்டும். எவ்வளவு தெரியுமா? திராட்சை ஒரு பங்கென்றால் வெல்லம் நாலு பங்கு! பிறகு இலவங்கப்பட்டை, ஏலம், மிளகு, திப்பிலி, வாய்விளங்கம் முதலிய சரக்குகளின் பொடி. பல வைத்தியசாலைகளில் காட்டாத்திப் பூவையும் சேர்ப்பார்கள். நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அந்தப் பூவோடு ஒட்டிக்கொண்டே வந்து சேரும்.

எல்லாம் சேர்ந்ததும் ஜாடியில் ஊற்றி, வாயை மூடி, மண் பூசிய சீலையால் கட்டுவார்கள். முன்காலத்தில் ஜாடியைத் தானியக் குவியலிலோ மண்ணிலோ புதைத்து வைப்பது வழக்கம். சூடு ஏறாமலும் இறங்காமலும் ஒரே சீராக இருக்க அதுவே உபாயம். சுமார் ஒரு மாதம் யாரும் தொடக்கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது? நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. ஜாடியில் காது வைத்தால் 'புஸ்புஸ்' என்ற சத்தம் கேட்கும். திறந்த வாயருகே எரியும் தீக்குச்சியைக் காட்டினால் வாயு அதை அணைத்துவிடும். சத்தம் அடங்கி, மிதந்த சரக்குகள் அடியில் தங்கி, தீக்குச்சியும் அணையாமல் எரிந்தால் பக்குவம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அமரோனே என்ற பெயரிலேயே கசப்பு இருக்கிறது. அதில் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. அரிஷ்டத்திலோ வெல்லம் அதிகமாதலால் இனிப்பு மிச்சம் நிற்கிறது. அமரோனேயில் சாராயச் சத்து குறைந்தது 14 சதவிகிதம். அரிஷ்டத்தில் பொதுவாக 5 முதல் 10 வரை. இரண்டும் நாளாக ஆகச் சிறக்கும் என்பது அந்தந்த நாட்டார் நம்பிக்கை.

இப்போது ஒரு கேள்வி. கொங்கு நாட்டைச் சேர்ந்த சேலம் ஜில்லாவில்தான் 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். மது கூடாது என்றால் அரிஷ்டம் மட்டும் எப்படி? மருந்துக்கும் மதுவுக்கும் எங்கே கோடு போடுவது என்று சர்க்காரும் யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. 1955-ல் வந்த மத்திய சட்டம், சாராயச் சத்துள்ள மருந்துகளைத் தனியாகப் பிரித்து வரி விதித்தது. தானாகவே சத்து ஊறி, மதுவாகக் குடிக்க முடியாத ஆயுர்வேத மருந்துகளுக்கு வரியில் விலக்கும் கிடைத்தது.

சட்டம் போட்ட கோடு அது. வீட்டில் கோடு போட வேண்டியவர் நீங்கள்தான், சகோதரி! வைத்தியர் சொன்ன அளவு, சாப்பிட்ட பிறகு, சம அளவு வெந்நீரோடு. அதற்கு மேல் ஒரு மூடியும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் கேட்காமல் கொடுக்கலாகாது. அத்தனை வெல்லம் சேர்ந்த மருந்தாயிற்றே, நீரிழிவுக்காரர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம், சொல்லச் சங்கடமானது. பெரும்பாடுபட்டுக் குடியை விட்டவர் ஒருவர் வீட்டில் இருக்கலாம். 'உடம்புக்கு நல்லதுதானே' என்று அவர் கையில் அந்தப் புட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். நாக்கு மறந்த ருசியை ஒரு மூடி அரிஷ்டம் நினைவூட்டிவிடக்கூடும். அந்த வீட்டில் அது அலமாரியிலேயே இல்லாமலிருப்பது நல்லது.