உருளும் பந்து ஏன் நிற்கின்றது?

பௌதிக ஆசிரியனாயிருந்த காலத்தில், ஆண்டுதோறும் புதிய வகுப்பினரிடம் யான் வினவும் வினா இது. நியூற்றனின் முதலாம் விதியை எழுத்துப் பிசகாது ஒப்புவிக்கும் மாணவரும், "கொடுத்த விசை தீர்ந்துவிட்டது, ஐயா" என்றே விடை பகர்வர். அவர்களை நோவதற்கில்லை, இயங்கும் பொருளை ஏதோவொன்று ஓயாது தள்ளவேண்டுமென்ற அரிஸ்தோத்திலின் கொள்கை நெடுங்காலம் அறிஞரையே ஆண்டதன்றோ!

விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லையெனக் கண்டு, ஒருமுறை கரம் பலகையொன்றை வகுப்பிற் கொண்டுவந்து வைத்தேன். பவுடர் தூவாத பலகையிற் காய் ஒரு சாண் சென்று நின்றது. தூவியபின், அதே மாணவன் அதேயளவு சுண்ட, எதிர்க்கரையில் மோதித் திரும்பியது. விரலின் வலிமை கூடவில்லை, உராய்வே குறைந்தது.

"உராய்வே இல்லாவிடின்?" எனப் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சாய்தளங்களிற் பந்துருட்டி ஆராய்ந்த கலிலியோ, 1638 இல் வெளியான தமது நூலில் இதற்கு விடை தந்துள்ளார்: தடையற்ற சமதளத்தில் இயக்கம் முடிவின்றித் தொடரும். 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலம், முன்தள்ளும் இயந்திரம் எதுவுமின்றி, செக்கனுக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வேகத்தில் இன்றும் சென்றுகொண்டிருக்கின்றது.

அவ்வகுப்பில் "விசை தீர்ந்தது" என்ற விடை பின்னர் எழவில்லை. அடுத்த ஆண்டுப் புதிய வகுப்பில் தவறாது எழுந்தது. பலகையை மீண்டும் தூக்கிச் சென்றேன்.