பெயரைப் பார்க்க ஆசைப்பட்டேன்

தண்ணீர்மலையில் வளர்ந்த எனக்கு பெரி என்றால் தனிப் பாசம். தைப்பூசத்துக்குப் பட்டர்வொர்த்திலிருந்து வரும் சித்தப்பா குடும்பத்தை அழைத்துவரப் படகுத்துறைக்கு ஓடிய நாள்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. 2020 இறுதியோடு அந்தப் பழைய பெரிகள் பயணிகளை ஏற்றுவது நின்றபோது, வீட்டில் ஒருவர் போய்விட்டதுபோல் இருந்தது. அதனால்தான், கனடாவில் தண்ணீருக்கு அடியில் ஒரு பெரி கிடக்கிறது என்று அத்தான் சொன்னதும் முக்குளிப்புக் கண்ணாடியையும் துடுப்புகளையும் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா வீடு ஸ்கார்பரோவில். அங்கிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனால் கிங்ஸ்டன். ஒண்டாரியோ ஏரி செயின்ட் லாரன்ஸ் ஆறாக மாறும் இடம். 'வுல்ஃப் ஐலண்டர் 2' என்ற பெரி 1946 முதல் எதிரே உள்ள தீவுக்கு ஆள்களையும் கார்களையும் ஏற்றிச் சென்றது. அது ஓய்வுபெற்ற பிறகு, 1985இல் முக்குளிப்பவர்களுக்காகவே மூழ்கடித்தார்கள். சுமார் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

இறங்கியதும் முதலில் என்னை அசத்தியது தண்ணீரின் தெளிவு. நம் பினாங்குக் கடலில் நீட்டிய கையே தெரியாத நாள்கள் உண்டு. அங்கேயோ கப்பலின் பெரும்பகுதியை மேலிருந்தே பார்க்க முடிந்தது. ஆனால் அருகில் போனதும் மனம் சுருங்கியது. கைப்பிடி, ஏணி, சன்னல் சட்டம் என எங்கும் விரல் நக அளவுச் சிப்பிகள். ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. இரும்பு எங்கே, சிப்பி எங்கே என்று பிரிக்க முடியவில்லை.

கப்பலின் பெயர் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். இங்கேதான் இருக்கும் என்று நினைத்த இடத்தில் கையுறையால் ஒரு கொத்துச் சிப்பியைப் பற்றி இழுத்தேன். வந்தது. கூடவே வண்ணப்பூச்சும் பட்டையாகப் பெயர்ந்து வந்தது. வழிகாட்டி என் கையைப் பிடித்து விலக்கினார்.

படகுக்குத் திரும்பியதும் அவர் கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினார். அந்தச் சிப்பிகள் நூல் போன்ற இழைகளால் பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. பிய்த்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து வரும். பிய்க்காமல் விட்டாலும் நிம்மதி இல்லை. அவற்றின் அடியில் இரும்பு வேகமாக அரிக்கிறது. பழைய மரக்கப்பல்களில் ஆணிகள் இற்றுப்போகின்றன, சிப்பிகளின் பாரமும் பலகைகளை அழுத்துகிறது. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு நன்னீரில் கிடையாது. அதனால்தான் நூறு, நூற்றைம்பது ஆண்டு மரக்கப்பல்கள்கூட அந்தக் குளிர்ந்த ஏரிகளில் உருக்குலையாமல் இருந்தன. அந்தக் கொடுப்பினையைச் சிப்பிகள் பறித்துக்கொண்டிருக்கின்றன.

அவை அந்த ஊருக்குச் சொந்தமானவை அல்ல. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்தைச் சேர்ந்தவை. சரக்குக் கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க அடியில் நிரப்பிக்கொள்ளும் தண்ணீரில் குஞ்சுகளாகப் பயணம் செய்து, ஏரிகளில் கொட்டப்பட்டவை. வரிக்குதிரைச் சிப்பியை 1988இல் கண்டுபிடித்தார்கள். அதையடுத்து வந்த குவாகா சிப்பி இன்னும் ஆழத்துக்கும் குளிருக்கும் துணிந்தது. ஒரு சிப்பி ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்கிறது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஏரி கண்ணாடியாகிவிடும். நான் வியந்த தெளிவு, சிறு மீன்களின் வாயிலிருந்து பிடுங்கப்பட்ட உணவு என்று புரிந்தது.

இந்தத் தெளிவால் நன்மையும் உண்டு. 1895இல் ஹியூரான் ஏரியில் காணாமல்போன 'ஆப்பிரிக்கா' என்ற நீராவிக் கப்பலை 2023இல் கண்டுபிடித்தவர்கள், இந்தச் சிப்பிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போனவர்கள்தான். ஆனால் கண்ட கப்பலையும் சிப்பி மூடியிருந்தது. காட்டிக் கொடுப்பதும் அதுவே, அழிப்பதும் அதுவே.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கதி" என்றார் அத்தான். நான் அப்படி நினைக்கவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு சிப்பி 2016இல் ஜொகூர் நீரிணையில் தென்பட்டது. சென்னைக்கு வடக்கே எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். அது கழிமுகத்தின் அடிமண்ணைப் பாய் விரித்ததுபோல் மூடியதால், மட்டியும் இறாலும் பிடித்துப் பிழைத்தவர்கள் தவிக்கிறார்கள். எனக்குப் போனது ஒரு பெயர்ப்பலகை ஆசை. அவர்களுக்குப் போவது அன்றாடச் சோறு.

ஊர் திரும்புமுன் என் கண்ணாடி, துடுப்பு எல்லாவற்றையும் அக்கா வீட்டுக் குளியலறையில் சுடுநீரில் அலசி, பல நாள் காயவைத்துத்தான் பெட்டியில் வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத குஞ்சு ஒரு சொட்டு ஈரத்தில்கூட ஊர் தாண்டும். "உனக்கு இவ்வளவு சுத்தம் எப்போது வந்தது?" என்று அக்கா சிரித்தாள்.

நான் பிய்த்த இடத்தில் இந்நேரம் புதுச் சிப்பிகள் ஒட்டியிருக்கும். வண்ணம் திரும்பாது. அந்தப் பெரியில் ஏறிப் போன பிள்ளைகள் யாராவது ஒரு நாள் அதைத் தேடி இறங்கினால், உள்ளங்கை அளவு வெற்றிடம் என்னால் ஆனது.