எருத்தேன்பதியில் ஒரு பகல்

பொள்ளாச்சியில் ரயிலிறங்கி, கோபாலபுரம் வழியே பஸ்ஸில் மேற்கே சென்றோம். மாநில எல்லை தாண்டிய பின்னும் செவியில் விழுந்தது தமிழே. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்து எருத்தேன்பதி அத்தகைய ஊர்; 1956-இல் கேரளம் அமைந்த பின்னும் வீட்டுப் பேச்சு மாறவில்லை.

தேநீர்க் கடையில் இளைஞரொருவர், "அண்ணா, இந்த விசா சரிதானுங்களா?" என்று தாளை நீட்டினார். வளைகுடாவில் வேலையென்று தரகன் தந்ததாம். நோக்கினால் சுற்றுலா விசா! பத்தாம் வகுப்புத் தேறாதவர் அந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறல் வேண்டும். (பள்ளியிறுதிச் சான்றிதழின் அருமையை எம் போன்ற ரயில்வே குமாஸ்தாக்கள் நன்கறிவோம்.) அவ்வனுமதியைத் தவிர்க்கவே தரகர்கள் சுற்றுலா விசாவை நாடுகின்றனர். சென்றபின் கூலி மறுக்கப்படின், வழக்காடக் கையில் ஒப்பந்தம் இராது. வேலை செய்ததே குற்றமாகிவிடும். பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணமோ 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமேது என்றார் அவர். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டம், பெண்டிர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் குறைந்த வருமானத்தார்க்கும் இலவச வக்கீலை அளிக்கிறது. சித்தூரிலேயே வட்டச் சட்டப் பணிக் குழு உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். அன்பர்கள் குறித்துக்கொள்க. மலையாளம் எழுத வராதே என்ற அச்சமும் வேண்டா. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையோர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுத இடமளிக்கிறது.

இளைஞர் தாளை மடித்துக்கொண்டு, சித்தூர் பஸ் எப்பொழுதென்று கடைக்காரரை வினவினார்.