கயிலையை வலம்வரும் ஒலி

பண்ணிசைக்குச் சுருதி தாய் என்ப. ஆயினும் அத்தாயின் குரலை மட்டும் இருந்து கேட்பார் அரியர். திருக்கோயிலில் நாகசுரத்தின் மருங்கே ஒத்து ஊதுவோர், கன்னத்தில் மூச்சைத் தேக்கி ஒரே ஒலியை நெடும்பொழுது இடையறாது நிறுத்துவர். நம் செவியோ நாகசுரத்தின் வழியே சென்று ஒத்தினை மறந்துவிடும். இக்காலத்தில் அவ்விடத்தையும் மின்சுருதிப் பெட்டி பெரும்பாலும் கவர்ந்துகொண்டது. அவ்வொத்தினையே முழு இசையாக்கிப் பார்த்தவர் மேனாட்டார். நியூயார்க்கில் லா மான்டே யங் என்பார் 1970 முதல் பண்டித பிராணநாதரிடம் பயின்று தம்பூராவின் அருமை உணர்ந்தவர். தம்பூராவின் குதிரையும் நூலிழையும் செய்யும் விந்தையை நம் சர் சி. வி. இராமனார் 1921-இலேயே ஆராய்ந்து வெளியிட்டமையும் ஈண்டு நினைக்கத்தகும்.

யான் இருங்காட்டுக்கோட்டையில் மருமகளோடும் பெயரனோடும் வதிகின்றேன். பெயரன் கார்த் தொழிற்சாலையில் இரவு முறையிற் பணிபுரிந்து பகலில் உறங்குபவன். உறக்கம் வருதற்பொருட்டு இவ்வகை இசையைக் கைப்பேசியில் வைப்பான். "தாத்தா, கயிலாசத்தின் பேரிலேயே ஒன்று இருக்கிறது, கேளுங்கள்" என்று ஒருநாள் தந்தான்.

அதனை இயற்றியவர் 1932-இல் பாரிசிற் பிறந்த எலியான் ராதிக் என்னும் அம்மையார். இடைவயதில் திபெத்திய பௌத்தம் தழுவியவர். மரணத்தைப் பொருளாகக்கொண்ட மூன்று நெடும்பகுதிகளுள் நடுப்பகுதி 'கைலாசா'. முதற்பகுதி முடிந்தபின், 1989-இல், அவர்தம் மகன் வாகன விபத்தில் இறந்தார். இரண்டாவது அதன்பின் எழுந்தது. கயிலையை மனத்தால் வலம்வருதலே அதன் அமைப்பு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் மின்னிசைக் கருவியின் ஒலி நிற்கும். தாளமில்லை, பாடலில்லை. நெருங்கிய இரண்டொலிகள் ஒன்றோடொன்று உராய்ந்து மெல்ல அலையும். தொழிற்சாலைக் காற்றாடியின் முழக்கம் என்று முதலில் தோன்றும். அம்முழக்கமும் எம் வீட்டில் இரவுபகலாக உண்டு. ஆனால் அது மாறாது நிற்பது. இது மாறுவது தெரியாமல் மாறுவது. மாறிவிட்டதென உணரும்போது, எப்பொழுது மாறிற்றென்று சொல்ல இயலாது.

இத்தகைய ஒலியைப் பிரணவமென்றும் நாத தரிசனமென்றும் புகழ்வாருளர். யான் உடன்படேன். செவிக்கு எட்டுவது ஆகாயத்தின் குணமாகிய ஓசை. நாத தத்துவமோ முப்பத்தாறனுள் முடிநின்றது, சுத்தமாயையிற் றோன்றுவது. அதுதானும் சடமேயன்றிச் சிவமன்று என்பது மடத்தில் இளமையிலேயே யாம் பாடங்கேட்டது. நாதத்தையுங் கடந்து நிற்பானை ஒலிப்பெட்டியுள் அடைத்தல் யாங்ஙனம்?

பின்னர் இதனை ஏன் கேட்கின்றாய் எனின், கூறுவேன். என் மகன் மறைந்து மூன்றாண்டாயின. அதன்பின் திருமுறை ஓதப் புகுந்தால் ஒவ்வொரு சொல்லும் பதவுரையும் பொழிப்புமாக விரிந்து நெஞ்சைத் தைக்கும். நாற்பதாண்டு பாடஞ்சொன்ன வாய்க்கு அது விடாத வழக்கம். இவ்வொலியில் உரைகூற வேண்டுவது ஒன்றுமில்லை. அவ்வொரு மணி நேரம் என் புலமை வாளாவிருக்கின்றது. அது முடிந்தபின் ஓதும் பதிகம் சிலநாளாகத் தடையின்றிச் செல்கின்றது.

அப்பரடிகள் கயிலை நாடிச் சென்று, உடல் தேய்ந்து, இறைவன் பணித்தவாறு பொய்கையுள் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து ஆங்கே கயிலைக் காட்சி கண்டமையை, எமக்கு அணித்தாகிய குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தார். அம்மையார் அக்காட்சியைக் காட்டுவதாகச் சொல்லவில்லை. மலையைச் சுற்றுகின்றார், அவ்வளவே. அந்த அடக்கம் எனக்கு உகந்தது.

மருமகள் முதலில் இதனை இயந்திர இரைச்சல் என்றாள். இப்பொழுது கதவை மூடச் சொல்வதில்லை. மூன்றாம் பகுதியாகிய 'கூமே'யையும் பெயரன் எடுத்து வைத்துள்ளான். அது 1993-இல் முடிவுற்றது. மகனுடைய ஆண்டுத்திதி கழிந்தபின் அதனைக் கேட்க எண்ணியிருக்கின்றேன்.